கே.எஸ். ராஜாவின் குரல் இருக்கிறது, கோப்பு எங்கே?

புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் ஒரு ஸ்பீக்கர் வாங்கப் போனால், அதைச் சோதித்துக் காட்ட கடைக்காரர் எடுப்பது பெரும்பாலும் பழைய பாட்டுகள் நிரம்பிய ஒரு பென்டிரைவாகத்தான் இருக்கும். தமிழ்க் கடை என்றால் எழுபதுகளின் சினிமாப் பாட்டு. சில வேளை இரண்டு பாட்டுகளுக்கு நடுவே, ஒலிநாடாவின் இரைச்சலோடு ஒரு குரலும் சேர்ந்து வரும். மூச்சு விடாமல் ஓடிவந்து, சொல்லின் கடைசி எழுத்தில் திடீரென்று பிரேக் போட்டு, அடுத்த கணம் மறுபடி ஓடும் குரல். கடையில் நிற்கிற ஐம்பது வயதுக்காரர் எவரும் பெயரைக் கேட்க மாட்டார். கேட்டவுடனே சொல்லிவிடுவார்: கே.எஸ். ராஜா.

எனக்கு அந்தக் குரலை வானொலியில் கேட்ட ஞாபகம் இல்லை. என் வயதினர் பலருக்கும் இல்லை. அவர் உச்சத்தில் இருந்தபோது நாங்கள் பிறக்கவில்லை. அவர் இறந்தபோது பாலர் வகுப்புக்குக் கூடப் போகவில்லை. எங்களுக்கு அவர் அப்பாக்களின், மாமாக்களின் வழியாக வந்தவர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஒரு கல்யாண வீட்டில் நாலு பெரியவர்கள் சேர்ந்து உட்கார்ந்தால் எப்படியும் ஒருவர் அவரைப் போல் பேசிக் காட்டுவார். ரொறன்ரோவிலும் பாரிஸிலும் அப்படித்தான் என்று சொல்கிறார்கள். யூடியூப்பில் அவருடைய பழைய பதிவுகளைத் தேடிக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இவ்வளவு நேசிக்கப்பட்ட ஒருவருடைய கதை ஏறக்குறைய எல்லோருடைய வாயிலும் ஒரே இடத்தில் அவசரமாக முடிகிறது. 'பிறகு அவர் இல்லாமல் போய்விட்டார்.' சிலர் 'காலமானார்' என்பார்கள். அவர் காலமாகவில்லை. 1994 செப்டம்பரில் கொழும்பில் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக எந்த நீதிமன்றமும் எவரையும் குற்றவாளியாகக் கண்டதில்லை. அவருடைய குரலை முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அவர் ஏன், யாரால் கொல்லப்பட்டார் என்ற கேள்வியை மட்டும் எங்கேயோ கைதவறவிட்டிருக்கிறோம்.

அது தற்செயலாக நடக்கவில்லை என்பது என் கருத்து. அந்தக் குரலை எல்லோரும் சொந்தம் கொண்டாட வேண்டுமானால், அந்த மரணத்தைப் பற்றி யாரும் பேசாதிருக்க வேண்டியிருந்தது.

முதலில் குரலின் கதை.

இலங்கை வானொலியின் தமிழ்ப் புகழுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் என்றால் வேடிக்கையாக இருக்கும். 1952 இல் அந்தப் பதவிக்கு வந்த பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று நம்பியவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஒடுங்கிப்போனது. 1950 இல் வர்த்தக சேவையைத் தொடங்கியிருந்த ரேடியோ சிலோனுக்கு அடித்தது யோகம். கொழும்பு டொரிங்டன் சதுக்கத்திலிருந்து போன ஹிந்திப் பாட்டு வட இந்தியாவையும் தமிழ்ப் பாட்டு தமிழ்நாட்டையும் பிடித்தது. அமீன் சயானி 'பினாக்கா கீத்மாலா'வைத் தொடங்கியது அதே 1952 இல், இதே கொழும்பு அலைவரிசையில்தான். தமிழில் எஸ்.பி. மயில்வாகனம் என்ற பெயர் பாக்குநீரிணையின் இரு கரையிலும் வீட்டுப் பெயரானது. 1957 இல் விவித் பாரதி வந்த பிறகும் தமிழ்நாட்டின் கடலோர மாவட்டங்களில் காலை நேரத் தேநீர்க் கடைகள் கொழும்பைத்தான் திருப்பி வைத்தன.

1966 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கச் சட்டத்தால் ரேடியோ சிலோன் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. 1967 ஜனவரியில் புதிய பெயரோடு இயங்கத் தொடங்கியது. அந்தப் பெயரோடுதான் ராஜாவின் தலைமுறை வருகிறது. பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் போன்றவர்கள் இருந்த அந்த ஒலிபரப்புக் கூடத்துக்குள் காரைநகரைச் சேர்ந்த ஸ்ரீஸ்கந்தராஜா என்ற இளைஞர் நுழைந்து கே.எஸ். ராஜா ஆனார்.

அவர் செய்தது என்ன என்பதை வெறும் 'வேகம்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவது வழக்கம். அது அநியாயம். வேகமாகப் பேசுகிறவர்கள் புறக்கோட்டை பஸ் நிலையத்திலும் இருக்கிறார்கள். ராஜாவின் வேகத்துக்குள் ஒவ்வோர் எழுத்தும் தனியாகக் கேட்கும். ரகர, றகரமும் லகர, ளகர, ழகரமும் ஒன்றோடொன்று குழம்பாது. அதற்கு மேல் அவர் ஒலியை ஒரு சினிமாத் தொகுப்பாளர் போலக் கையாண்டார். 'திரை விருந்து' போன்ற விளம்பர நிகழ்ச்சிகளில் அவர் ஒரு கேள்வி கேட்பார். பதில் ஏதோ ஒரு படத்தின் வசனத்திலிருந்து வரும். அவர் கிண்டல் பண்ணுவார். சிவாஜியோ நம்பியாரோ கோபப்படுவார். இரண்டு பேரும் ஒரே அறையில் நின்று பேசுவது போலிருக்கும். கணினி இல்லாத காலம் அது. வேண்டிய வசனத்தை ஒலிநாடாவில் தேடி, அது தொடங்கும் புள்ளியில் நிறுத்தி வைத்து, தன் கடைசிச் சொல் விழுகிற அதே நொடியில் ஓடவிட வேண்டும். அரை நொடி பிந்தினால் நகைச்சுவை செத்துவிடும். இன்று ஒரு மென்பொருளில் பத்து நிமிடத்தில் செய்கிற வேலைக்கு அன்று காதும் கையும் நினைவும் ஒன்றாக ஓடவேண்டியிருந்தது.

இன்னொன்று, அவர் கேட்பவரோடு பேசினார். அதுவரை அறிவிப்பாளர் என்றால் சற்று உயரத்தில் நின்று தகவல் சொல்கிறவர். ராஜா கேட்பவரின் வீட்டுக்குள் வந்து, வானொலிப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அன்பு நெஞ்சங்களே என்று அழைத்தார். கொட்டாஞ்சேனை செல்லமஹாலிலோ வெள்ளவத்தை பிளாசாவிலோ எந்தப் படம் ஓடுகிறது என்பதை அவர் வாயால் கேட்டுவிட்டுப் படம் பார்க்கப் போனவர்கள், படம் சுமாராக இருந்தால் ராஜா நன்றாக ஏமாற்றிவிட்டார் என்று சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். 1998 இல் சூரியனும் சக்தியும் எப்.எம். அலைவரிசையில் வந்தபோது கேட்ட துள்ளலும் கலகலப்பும் புதுமை என்று எங்கள் வயதினர் நினைத்தோம். அதன் பாட்டன் யார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இங்கேதான் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் குரல் ஒலித்த ஒலிவாங்கி யாருடையது?

அரசாங்கத்தினுடையது. 1990 வரை இந்த நாட்டில் தமிழில் வானொலி அறிவிப்பாளராக வாழ நினைக்கும் ஒருவருக்கு வேலை கொடுக்கக்கூடிய ஒரே முதலாளி அரசாங்கம்தான். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் செய்தி வரும். அமைச்சரின் பேச்சு வரும். ஊரடங்கு அறிவித்தல் வரும். 1983 ஜூலை 28 ஆம் திகதி, கொழும்பில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்துகொண்டிருந்த நாட்களில், ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன நாட்டுக்கு உரையாற்றினார். செத்தவர்களுக்கும் வீடிழந்தவர்களுக்கும் அனுதாபமாக ஒரு வார்த்தை அதில் இருக்கவில்லை. அந்த அரசின் ஒலிவாங்கியில்தான் தமிழ் அறிவிப்பாளர்கள் மறுபடியும் வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த வாரத்தில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவும் எரிக்கப்பட்டது. படச்சுருள்களும் அதோடு போயின. ராஜா விளம்பரப்படுத்திய சினிமா உலகத்தின் கொழும்புப் பாதி அந்தத் தீயில் கருகியது என்று சொல்லலாம்.

83க்குப் பின் ராஜாவின் வாழ்க்கையும் நேர்கோட்டில் போகவில்லை. தமிழ்நாட்டில் சில காலம் இருந்தார். பின்னர் கொழும்புக்குத் திரும்பி மறுபடி ஒலிவாங்கியின் முன் அமர்ந்தார். ஆனால் அவர் விட்டுப்போன ஊரும் திரும்பி வந்த ஊரும் ஒன்றல்ல. இயக்கங்கள் பலவாகி, ஒன்றையொன்று அழித்து, எஞ்சியவற்றில் சில அரசோடு நின்றன. இந்திய இராணுவம் 1987 இல் வந்து 1990 இல் போனது. 1990 இல் 'புலிகளின் குரல்' தொடங்கியது. தமிழில் பேசத் தெரிந்த ஒரு தொழில்முறைக் குரலுக்கு இப்போது இரண்டு ஒலிவாங்கிகள் இருந்தன. ஒன்று அரசினுடையது, மற்றது அரசை எதிர்த்துப் போரிடும் இயக்கத்தினுடையது. மூன்றாவது ஒன்று இருக்கவில்லை. எங்கே உட்கார்ந்தாலும் உட்கார்ந்த கதிரை உங்களுக்காகப் பேசிவிடும். நீங்கள் பாட்டு மட்டும்தான் போட்டீர்கள் என்ற வாதம் ஒருவரிடமும் எடுபடாது.

1994 ஓகஸ்ட் 16 பொதுத்தேர்தலில் 17 ஆண்டுகால ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிந்தது. 19 ஆம் திகதி சந்திரிகா குமாரதுங்க பிரதமரானார். வெள்ளைப் புறா, சமாதானம், பேச்சுவார்த்தை என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வாரங்கள். அந்த வாரங்களுக்குள்தான் ராஜா கடத்தப்பட்டு, கடற்கரையோரம் சடலமாகக் கிடந்தார்.

யார் செய்தது என்பதற்குப் பதில்கள் உண்டு. ஒன்றல்ல, இரண்டு மூன்று. கொழும்பில் ஒரு தேநீருக்குள் எல்லாவற்றையும் கேட்டுவிடலாம். கேட்கக் கேட்க ஒன்று புரியும்: ஒவ்வொரு பதிலும் கொலையாளியைப் பற்றிச் சொல்வதைவிட, சொல்பவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைத்தான் தெளிவாகச் சொல்கிறது. அவற்றை இங்கே அடுக்கி, எது நம்பத்தகுந்தது என்று மதிப்பெண் போடுவது என் வேலை அல்ல. அது பொலிஸாரும் சட்டமா அதிபரும் 1994 இல் செய்திருக்க வேண்டிய வேலை.

ராஜா தனியானவரும் அல்லர். ஒலிவாங்கிக்கு முன் இருந்தவர்களை இந்த நாடு கொன்ற வரிசையில் அவர் நடுவில் எங்கேயோ வருகிறார். 1989 ஜூலை 23 ஆம் திகதி ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முன்னாள் பணிப்பாளர் நாயகம் தேவிஸ் குருகே சுடப்பட்டார். எட்டு நாள் கழித்து, சிங்கள சேவையின் அறிவிப்பாளரும் பாடலாசிரியருமான பிரேமகீர்த்தி த அல்விஸ். ஓகஸ்டில் சினிமா முதலாளி குணரத்தினம். செப்டம்பரில் ரூபவாஹினியின் சாகரிகா கோமஸ். அடுத்த ஆண்டு பெப்ரவரியில், ரூபவாஹினியில் செய்தி வாசித்த, பத்திரிகையாளரும் நடிகருமான ரிச்சட் டி சொய்சா கடத்தப்பட்டு மறுநாள் மொரட்டுவைக் கடலோரம் சடலமாக ஒதுங்கினார். 1989 கொலைகளுக்கான குற்றச்சாட்டு பெரும்பாலும் ஜே.வி.பி. மீது; ரிச்சட்டின் கொலைக்கானது அரசின் பொலிஸார் மீது. 'அரச ஊடகத்தைப் புறக்கணி' என்றது ஒரு துப்பாக்கி. 'அரசை எதிர்க்காதே' என்றது மற்றது. இரண்டும் குறிபார்த்தது ஒரே தொழிலை.

அந்த வரிசையில் ரிச்சட்டின் பெயர் மட்டும் இன்றுவரை உரக்கக் கேட்பதற்குக் காரணம் அவருடைய தாய், வைத்தியர் மனோராணி சரவணமுத்து. வந்தவர்களில் ஒருவரைத் தொலைக்காட்சியில் அடையாளம் கண்டு, பொலிஸ் உத்தியோகத்தரின் பெயரைச் சொல்லி, அச்சுறுத்தல்களுக்கு நடுவே நின்று, காணாமல் போனவர்களின் தாய்மாரோடு சேர்ந்து தெருவுக்கு வந்தார். நீதி கிடைத்ததா என்றால் இல்லை. குற்றஞ்சாட்டப்பட்ட மூன்று பொலிஸ் உத்தியோகத்தர்கள் 2005 நவம்பரில் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் ஒரு வழக்கு இருந்தது. ஒரு கோப்பு இருந்தது. கேள்வி கேட்ட ஒருவர் இருந்தார் என்பது பதிவாகியிருக்கிறது.

இதே காலத்தில் மொஸ்கோவில் நடந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். விளாதிஸ்லாவ் லிஸ்தியெவ் ரஷ்யாவின் மிகப் பிரபலமான தொலைக்காட்சித் தொகுப்பாளர். சோவியத் காலத்தின் இறுதியில் 'வஸ்க்லியாத்' என்ற துணிச்சலான நிகழ்ச்சியில் அறிமுகமாகி, பின்னர் சொல் விளையாட்டு நிகழ்ச்சி ஒன்றின் மூலம் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானவர். ஏறக்குறைய நம் ராஜாவைப் போலத்தான், மக்களுக்கு அவர் பொழுதுபோக்கின் முகம். புதிய தேசியத் தொலைக்காட்சியின் பொறுப்பை ஏற்ற கொஞ்ச நாளில், 1995 மார்ச் 1 ஆம் திகதி, வீட்டுப் படிக்கட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறுநாள் முதலாவது அலைவரிசையில் நிகழ்ச்சிகள் நின்றன. திரையில் அவருடைய படமும், அவர் கொல்லப்பட்டார் என்ற வாசகமும் மட்டும் நின்றன. அங்கும் கொலையாளி தண்டிக்கப்படவில்லை. ஆனால் 'கொல்லப்பட்டார்' என்ற சொல்லை அவர் வேலை செய்த திரையே முதல் நாளிலேயே சொல்லிவிட்டது. அதை இனி யாரும் 'காலமானார்' என்று மாற்ற முடியாது.

கொழும்பில் அப்படி ஒரு நாள் இருக்கவில்லை. இதற்குப் பயம் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது. 1994 இல் கொழும்பில் வாழ்ந்த தமிழர் ஒருவருக்கு அடையாள அட்டையோடும் பொலிஸ் பதிவோடும் லொட்ஜ் அறையில் ஒவ்வோர் இரவையும் கடத்துவதே பெரும்பாடு. கடற்கரையில் கிடந்த ஒரு சடலத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் நிலையில் அவர் இல்லை. அந்தத் தலைமுறையை நான் குறை சொல்லவில்லை. எனக்குப் புரியாதது, பயம் குறைந்த பிறகும் தொடரும் மௌனம்.

அதற்கு விளக்கம் 2005 இல் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். அந்த ஆண்டு ஏப்ரல் 28 ஆம் திகதி பம்பலப்பிட்டியில் பொலிஸ் நிலையத்துக்கு எதிரே வைத்து தர்மரத்தினம் சிவராம் கடத்தப்பட்டார். மறுநாள் நாடாளுமன்றத்துக்கு அண்மையில் அவர் உடல் கிடைத்தது. நாலு மாதம்கூட ஆகவில்லை, ஓகஸ்ட் 12 ஆம் திகதி அதே பம்பலப்பிட்டியில் ரேலங்கி செல்வராஜா தன் கணவரோடு சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். ரேலங்கி இலங்கை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தெரிந்த குரல், தெரிந்த முகம். புலிகளை விமர்சித்த அரச வானொலி நிகழ்ச்சியொன்றில் அவர் பங்கெடுத்தது காரணமாகச் சொல்லப்பட்டது. விரல் புலிகளை நோக்கி நீண்டது. அன்றிரவே வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டார். மறுநாள் பத்திரிகைகளின் முதற்பக்கம் யாருக்குப் போனது என்று சொல்லத் தேவையில்லை.

ஏப்ரல் வந்தால் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் சிவராமுக்கு நினைவேந்தல் நடக்கிறது. நடக்கத்தான் வேண்டும். ஓகஸ்டில் ரேலங்கியின் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்? ஊடகவியலாளர்களுக்கான நீதி கேட்டு நாம் ஏந்தும் பதாகைகளில் வரிசை வழக்கமாக 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்ட நிமலராஜனில் தொடங்கும். யார் கொன்றார்கள் என்று நாம் நினைக்கிறோமோ அதைப் பொறுத்து அந்த வரிசை நீள்கிறது, அல்லது நிற்கிறது. அரசும் அதன் துணைக்குழுக்களும் கொன்றதாகக் கருதப்படுபவர் ஊடகவியலாளர். புலிகள் கொன்றதாகக் கருதப்படுபவர் 'அறிவிப்பாளர்', 'அரச ஊழியர்', இன்னும் மோசமான சொற்களும் உண்டு. கொழும்பின் சிங்கள, ஆங்கில மேடைகளில் இதே கணக்கு தலைகீழாகப் போடப்படுகிறது.

நான் ஊடகக் கற்கை படித்த காலத்தில் இந்தப் பெயர்களில் பாதியைக் கூட ஒரு விரிவுரையிலும் கேட்டதில்லை. அறிவிப்பாளர் என்பவர் கலைஞரா, ஊடகவியலாளரா என்று ஒரு வகுப்பு முழுக்க விவாதித்திருக்கிறோம். சுட்டவர்கள் அந்த வித்தியாசம் பார்த்ததாகத் தெரியவில்லை.

ராஜாவின் பிரச்சினை இதிலிருந்து புரியும். அவரைக் கொன்றவர் யார் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பதில் இல்லாததால், அவரை எந்தப் பக்கமும் தியாகியாக்க முடியவில்லை. துரோகியாக்கவும் மனம் வரவில்லை, ஏனென்றால் எல்லாப் பக்கத்தவரும் சின்ன வயதில் அவர் குரலுக்குக் காத்திருந்தவர்கள். ஆகவே ஊமை உடன்பாடு ஒன்று ஏற்பட்டது. குரலை வைத்துக்கொள்வோம், முடிவைப் பற்றிப் பேச வேண்டாம். அந்த உடன்பாடு அவரைக் காப்பாற்றியது என்று கூட ஒருவர் வாதிடலாம். இல்லாவிட்டால் அவர் பெயரும் கட்சிச் சண்டையில் கிழிந்து போயிருக்கும். எனக்கு அந்த வாதத்தில் முழு உடன்பாடு இல்லை. அவருடைய சக அறிவிப்பாளர் அப்துல் ஹமீத் தன் கதையைத் தானே 'வானலைகளில் ஒரு வழிப்போக்கன்' என்று நூலாக எழுதும் வரை வாழ்ந்திருக்கிறார். அமீன் சயானி 2024 பெப்ரவரியில் 91 வயதில் இறந்தபோது இந்தியப் பிரதமரே இரங்கல் சொன்னார். ராஜாவுக்கும் அப்படி ஒரு முதுமை, அப்படி ஒரு புத்தகம் இருந்திருக்கலாம். அதை ஒருவர் பறித்தார். பறித்தவரைப் பற்றிக் கேட்பது அவர் குரலை அவமதிப்பதாகாது.

முப்பது வருஷத்துக்குப் பிறகு இதைக் கிளறி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. உறவினர்களுக்கு இது மறுபடியும் வலியாகலாம் என்பது உண்மையான கவலை. அவர்கள் விரும்பாவிட்டால் அவர்களை யாரும் ஒலிவாங்கி நீட்டித் துரத்தக் கூடாது. ஆனால் 'காலம் கடந்துவிட்டது' என்பது சட்டப்படி சரியல்ல. 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 456 ஆம் பிரிவு, பெரும்பாலான குற்றங்களுக்கு 20 ஆண்டு எல்லை வைக்கிறது. குற்றம் நடந்து 20 ஆண்டு போனால் வழக்குத் தொடர முடியாது. கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் மட்டும் அந்த எல்லை கிடையாது. அதாவது, ராஜாவைக் கடத்திய குற்றத்துக்காக ஒருவரை இனி வெறும் கடத்தல்காரராக நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. அந்தக் கதவு 2014 இல் மூடிவிட்டது. சிவராமின், ரேலங்கியின் விடயங்களிலும் 2025 இல் துணைக் குற்றங்களுக்கான கதவுகள் மூடின. கொலை என்ற கதவு மூன்றிலும் திறந்தே இருக்கிறது.

2024 ஒக்டோபரில் புதிய அரசாங்கம் மறுபடி விசாரிக்கச் சொல்லிப் பொலிஸாருக்குக் கொடுத்த சம்பவங்களில் சிவராமின் கொலையும் இருந்தது. நல்லது. அந்தப் பட்டியல் ஏன் அவ்வளவு குறுகியது என்று கேட்கும் உரிமையும் நமக்கு இருக்கிறது. ஜே.வி.பி. இன்று ஆட்சியின் முதுகெலும்பு. 1989 இன் குருகேயும் பிரேமகீர்த்தியும் சாகரிகாவும் அந்தப் பட்டியலில் வர வேண்டுமென்றால் கேள்வி வெளியிலிருந்துதான் வர வேண்டும். ராஜாவுக்கும் அப்படித்தான். தமிழ்க் கட்சிகளில் ஏதாவது ஒன்று அவருக்காக நாடாளுமன்றத்தில் எழுந்து கேட்கும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. பதில் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாத கேள்வியை அரசியல்வாதிகள் கேட்பதில்லை.

கேட்கக்கூடிய வழி ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன் 7 ஆம் பிரிவின்படி, அந்த நாளில் ஏற்கெனவே இருந்த பதிவேடுகளை அரச நிறுவனங்கள் குறைந்தது பத்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அந்தப் பத்து ஆண்டுகள் 2027 பெப்ரவரியில் முடிகின்றன. அதன் பிறகு, 1994 இன் பழைய கோப்பு ஒன்றை இடமில்லை என்று ஒதுக்கி எரித்தாலும் அந்தப் பிரிவைக் காட்டித் தடுக்க முடியாது. ஆனால் அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. ஒரு தகவல் விண்ணப்பமோ அது தொடர்பான மேன்முறையீடோ நிலுவையில் இருக்கும் வரை, சம்பந்தப்பட்ட பதிவேட்டை அழிக்கக் கூடாது. கேட்டு வைப்பதே கோப்பைக் காப்பாற்றும் ஒரு வழி.

இந்நாட்டுப் பிரஜை எவரும் விண்ணப்பிக்கலாம்; தமிழிலேயே எழுதலாம்; ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பொலிஸ் திணைக்களத்திடம் கேட்க வேண்டியது, 1994 செப்டம்பரில் எந்த நிலையத்தில் முறைப்பாடு பதிவானது, கோப்பு இப்போது யாரிடம் இருக்கிறது, கடைசியாக எந்தத் திகதியில் அதில் குறிப்பு எழுதப்பட்டது என்பவை. நீதிமன்றங்களும் இந்தச் சட்டத்தின் கீழ் வருவதால், மரண விசாரணையின் தீர்ப்பையும் பிரேத பரிசோதனை அறிக்கையையும் நீதவான் நீதிமன்றப் பதிவாளரிடம் கேட்கலாம். ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கேட்க வேண்டியவை வேறு: அவருடைய நிகழ்ச்சிகளில் எத்தனை ஒலிநாடாக்கள் களஞ்சியத்தில் எஞ்சியிருக்கின்றன, அவருடைய மரணத்தைப் பற்றி நிறுவனம் அந்நாளில் என்ன எழுதி வைத்தது. இன்று யூடியூப்பில் சுற்றுகிற பதிவுகள் பெரும்பாலும் யாரோ வீட்டில் வானொலியின் முன் கசெற் வைத்துப் பிடித்தவை என்பது அந்த இரைச்சலைக் கேட்டாலே தெரியும். கூட்டுத்தாபனத்திடம் இருப்பது என்னவென்று அதனிடமே எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது.